முளைக்குச்சி நின்ற இடம்: லாக்ஸ்டன் மேனர் கைமாறிய கதை

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற சிற்றூர். கோதுமை விதைத்துப் பச்சை பிடித்திருக்கும் வயலில் ஊர் நடுவர்கள் பன்னிரண்டு பேர் நடக்கிறார்கள். கனத்த களிமண், காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியையும் பாரமாக்கும் மண். சிலர் கையில் கூர் சீவிய மரமுளைகள், ஒருவர் கையில் பெரிய மரச்சுத்தி. இரண்டு உழவர்களின் நிலத்துக்கு நடுவே இங்கே வேலி கிடையாது, வரப்பும் கிடையாது. ஒருவரின் கடைசிச் சாலும் அடுத்தவரின் முதல் சாலும் ஒட்டியே கிடக்கும். எல்லை எது என்று ஒருவர் எட்ட நின்று கண்ணால் நேர் பிடித்துச் சொல்ல, இன்னொருவர் முளையை வைக்க, மூன்றாமவர் அடித்து இறக்குகிறார். யாராவது பொதுப்பாதையிலோ ஓரப் புல்தரையிலோ ஒரு சால் கூடுதலாக உழுதிருந்தால் அதைக் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் விடுதியில் மன்றம் கூடும்போது அவருக்கு அபராதம் விழும். தொகை சொற்பம்தான். ஆனால் பெயரைச் சொல்லிப் பத்து பேர் முன்னால் வாசிப்பார்கள்.

எல்லை பார்க்கும் இவர்களில் ஏறக்குறைய எல்லாருமே குத்தகைதாரர்கள். காலுக்குக் கீழே இருக்கும் மண்ணில் ஒரு பிடிகூட இவர்கள் பெயரில் இல்லை. அது யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் போனால் கதை 1086-க்குப் போகும். நார்மன் படைத்தலைவர், அரச காட்டின் காவலர், லண்டன் வணிகர், டியூக், டியூக்கின் விதவை, ஏர்ல், வேளாண் அமைச்சகம், அரச எஸ்டேட் என்று நீண்டு, மறுபடி பழைய குடும்பத்திடமே வந்து நிற்கும். மேலே இவ்வளவு புரண்டும் கீழே ஊர் நிலத்தை மூன்று பொது வயலாக வைத்துப் பயிரை ஆண்டுதோறும் சுழற்றுவது, அதை நடுவர் குழு கண்காணிப்பது என்ற ஏற்பாடு அறுபடவே இல்லை. அது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

மேனர் என்றதும் பலருக்கும் பெரிய கல்வீடு ஒன்றுதான் மனதில் வரும். சட்டத்தில் மேனர் என்பது வீடு அல்ல, ஒரு நில ஆளுகை. பிரபு நேரடியாக வைத்துக்கொண்ட பண்ணை நிலம், குடியானவர்களிடம் இருந்த நிலம், எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சலும் புல்லும், இவற்றுக்கெல்லாம் விதி வகுக்கும் ஒரு மன்றம், இவ்வளவும் சேர்ந்ததுதான் மேனர். அதற்குள் நிலம் பிடித்தவர்களிலும் படிநிலைகள் உண்டு. சொந்தமாக அனுபவிப்பவர்கள் ஒரு வகை. மேனர் மன்றப் பதிவேட்டில் தங்கள் பெயர் எழுதப்பட்ட வரியின் நகலையே நில ஆவணமாக வைத்திருந்தவர்கள் இன்னொரு வகை. பிரபு போகச் சொன்னால் போக வேண்டிய வெறும் குத்தகைதாரர்கள் மூன்றாவது வகை. நகலையே ஆவணமாகக் கொண்ட அந்த நடு வகையை இங்கிலாந்து சட்டப்படி ஒழித்தது 1926 ஜனவரி 1 அன்றுதான். அதுவரைக்கும், பல நூற்றாண்டுப் பழைய சொற்களில் ஒருவர் நிலம் வாங்கி விற்க முடிந்தது.

லாக்ஸ்டன் முதலில் பதிவாவது வெற்றிகொண்ட வில்லியம் எடுக்கச் சொன்ன பெருங்கணக்கில், 1086-ல். படையெடுப்புக்கு முன்னால் டோக்கி என்பவர் வைத்திருந்த நிலம் ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மனுக்குப் போயிருந்தது. ஜெஃப்ரியும் அங்கே இருக்கவில்லை. அவருடைய ஆள் வால்டர் என்பவர் ஒரு ஏர் வைத்து உழுதார். குடியானவர்கள் 22 பேர், சிறுகுடிகள் 7 பேர், இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து 5 ஏர். அடிமைகளாக ஆண்கள் 5 பேர், பெண் ஒருத்தி. புல்வெளி 40 ஏக்கர். ஊரின் மதிப்பு முன்பு 9 பவுண்டு, இப்போது 6 பவுண்டு. கணக்குப்பிள்ளையின் வறண்ட வரிகள்தான். ஆனால் அந்த மதிப்புக் குறைவுக்குள் ஒரு படையெடுப்பு ஒளிந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரில் ஓடிய 6 ஏரில் 5 குடியானவர்களுடையது. உரிமையாளர் எங்கோ இருக்க, உழுபவர் ஊரில் இருக்கும் இந்த அமைப்பு முதல் பதிவிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம் பெண்வழி வாரிசாக மேனர் டி கோ குடும்பத்துக்கும், அவர்களிடமிருந்து எவரிங்ஹாம் குடும்பத்துக்கும் போனது. இவர்கள் வெறும் நிலப்பிரபுக்கள் அல்ல. ஷெர்வுட் காட்டுக்குப் பரம்பரைக் காவலர்கள். ஊருக்கு வடக்கே இன்றும் நிற்கும் மண்மேட்டுக் கோட்டையிலிருந்துதான் அந்த அரச காட்டின் நிர்வாகம் நடந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்தப் பதவி அவர்கள் கையை விட்டுப் போனது. பதவி போனதும் கோட்டையின் மவுசும் போனது. ஊர்த் தேவாலயத்தில் எவரிங்ஹாம்களின் சிலைகள் படுத்த நிலையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவம். கல்லில் செதுக்கியவர்கள் நடுவே அந்த மரச்சிலை இத்தனை நூற்றாண்டு ஈரத்தையும் பூச்சியையும் தாண்டி நின்றிருக்கிறது என்பது எனக்கு இந்த ஊரின் ஆவணங்களில் எதற்கும் குறையாத ஆச்சரியம். எவரிங்ஹாம்களுக்குப் பின் ரூஸ் குடும்பம் வந்தது. அந்த இடைக்காலம் பாகப்பிரிவினைகள் நிறைந்தது. நம் கேள்விக்கு அது பெரிதாக உதவாது, கடந்து போகலாம்.

வணிகர் வாங்கிய ஊர்

கதை சூடு பிடிப்பது 17ஆம் நூற்றாண்டில். முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்லஸ் இருவருக்கும் நெருக்கமாக இருந்த பக்கிங்ஹாம் டியூக்கின் கைக்கு வந்த மேனர், 1620களில் சர் வில்லியம் கோர்ட்டனிடம் போனது. கோர்ட்டன் ஃபிளெமிஷ் வம்சாவளி லண்டன் வணிகர். பட்டும் துணியும் விற்று, கப்பல்கள் விட்டு, அரசனுக்கே கடன் கொடுத்தவர். 1627-ல் பார்படோஸில் குடியேற்றம் தொடங்கியபோது பணம் போட்டதும் அவர்தான்.

நமக்குப் பக்கத்தில் ஒரு தொடர்பும் இருக்கிறது. கிழக்கு வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தனியுரிமை இருந்த காலத்திலேயே, அதைத் தாண்டி வணிகம் செய்ய சார்லஸ் மன்னன் கோர்ட்டனின் கூட்டமைப்புக்கு 1635-ல் அனுமதி தந்தான். அவர்களுடைய கப்பல்கள் மேற்குக் கரையில் பட்கலுக்கும் கார்வாருக்கும் வந்து மிளகு வாங்கப் பண்டகசாலை போட்டன. அதே 1635-ல்தான் லாக்ஸ்டனை அளந்து வரையச் சொல்லி மார்க் பியர்ஸ் என்ற நில அளவைக்காரரை கோர்ட்டன் அமர்த்தினார். ஒரு பக்கம் நம் மேற்குக் கரைக்குக் கப்பல், இன்னொரு பக்கம் நாட்டிங்ஹாம்ஷயரின் களிமண்ணுக்கு அளவுச் சங்கிலி. வாங்கிய சொத்தில் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளும் வணிகரின் கண்தான் இரண்டிலும்.

அந்த வரைபடம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பல தோல் தாள்களை ஒட்டிச் செய்த பெரிய படம். ஊரின் சுமார் 3,800 ஏக்கரும் அதில் அடக்கம். அதில் பாதி, ஏறக்குறைய 1,900 ஏக்கர், வேலியில்லாத திறந்த வயல். அந்த வயல்களுக்குள் 2,000-க்கும் மேற்பட்ட நீண்ட, குறுகலான நிலப்பட்டைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே கோடு போட்டு வரையப்பட்டிருக்கிறது. கூடவே ஒரு பதிவேடு. எந்தப் பட்டை யாருடையது, யார் பயிர் செய்கிறார், எவ்வளவு அளவு என்று வரிவரியாகச் சொல்கிறது. படத்தின் மேல் பியர்ஸ் சின்னச் சின்ன உருவங்களையும் வரைந்து வைத்திருக்கிறார். ஏர் பூட்டி உழுபவன், கதிர் அறுப்பவர்கள், மந்தை ஓட்டுபவன், மான் துரத்தும் வேட்டைக்காரர்கள், காற்றாலைகள். அளவைக்காரர் வேலைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் வரைந்தார். உரிமையாளருக்காகச் செய்த ஆவணத்தில் உழுபவர்களும் இடம்பிடித்தார்கள்.

அந்தப் பட்டைகள் நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். நீண்ட மாட்டுக்கூட்டத்தைப் பூட்டிய ஏரைக் கடைசியில் திருப்ப வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒடிக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒடிப்பு சாலாகி, சால் எல்லையாகி, எல்லை பதிவேட்டுக்கு ஏறியது. ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் சேர்ந்திருக்காது என்பது இன்னொரு விஷயம். தெற்கு வயலில் ஒன்று, மேற்கு வயலில் நாலு, மில் வயலில் மூன்று என்று சிதறியிருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும், கிட்டத்து நிலமும் எட்டத்து நிலமும் எல்லாருக்கும் கலந்து வரும். ஊர் முழுக்க ஒரே வயலில் ஒரே பயிர் என்பதால் ஒருவர் மட்டும் முறை மாற்ற முடியாது. அறுவடை முடிந்த வயலில் எல்லாருடைய மாடும் மேயும். அங்கே ஒருவர் மட்டும் தாமதமாக அறுக்கும் பயிரை வைத்தால் ஊரே பாதிக்கப்படும். மன்றம் தேவைப்பட்டதன் காரணம் இதுதான். அது யாரோ மேலிருந்து இறக்கிய நீதிமன்றம் அல்ல. பயிர்முறையே அதைக் கேட்டு வாங்கியது.

கோர்ட்டன் 1636-ல் இறந்தார். அரசனுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை, கிழக்கு வணிகமும் நொடித்தது, மகன் கடனாளியாகி நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. 1640 வாக்கில் லாக்ஸ்டன், அருகிலுள்ள தோர்ஸ்பியில் இருந்த பியர்பாண்ட் குடும்பத்தின் கைக்கு வந்தது. வரைபடம் வரைந்த மை காய்வதற்குள் உரிமையாளர் மாறிவிட்டார் என்றே சொல்லலாம். பதிவேட்டில் இருந்த குத்தகைதாரர்கள் மாறவில்லை.

பியர்பாண்டுகளின் முந்நூறு ஆண்டுகள்

வாங்கியவர் ராபர்ட் பியர்பாண்ட், கிங்ஸ்டன் ஏர்ல். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் சேர்ந்தவர். 1643-ல் பாராளுமன்றப் படை அவரைப் பிடித்துப் படகில் கொண்டுபோனபோது, கரையிலிருந்து அவருடைய பக்கத்தார் சுட்ட பீரங்கிக் குண்டே அவர் உயிரைக் குடித்தது. குடும்பம் போரைத் தாண்டித் தழைத்தது. 1715-ல் டியூக் பட்டம். அந்த முதல் டியூக்கின் மகள்தான் மேரி வோர்ட்லி மாண்டேகு. துருக்கியில் பார்த்த அம்மை குத்தும் முறையை 1721-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர். நம் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும், அம்மைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த எந்த ஊரின் வரலாற்றை எழுதுபவரும் அவரைச் சொல்லாமல் போகக் கூடாது.

இரண்டாவது டியூக் 1773-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். உயிலில் நில வருமானத்தை மனைவி எலிசபெத் சட்லீக்கு ஆயுள் காலத்துக்கு எழுதி வைத்திருந்தார். அப்போதுதான் சிக்கல் வெடித்தது. எலிசபெத் 1744-லேயே ரகசியமாக ஒரு கடற்படை அதிகாரியை மணந்திருந்தார். அது முறையாக முறியாமலே 1769-ல் டியூக்கை மணந்தார். டியூக்கின் உறவினர்கள் வழக்குப் போட, 1776 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபை கூடி விசாரித்தது. ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த வழக்கு. குற்றம் நிரூபணமானது. சாதாரணப் பெண் என்றால் கையில் சூடு போட்டிருப்பார்கள். பிரபுக்குலச் சலுகையைக் காட்டி அவர் தப்பினார். உயில் அவரைப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்ததால் வருமானமும் நிலைத்தது. ஐரோப்பாவைச் சுற்றி, கடைசியில் 1788-ல் பாரிஸில் இறந்தார்.

ஆக, 1773 முதல் 1788 வரை பதினைந்து ஆண்டுகள் தோர்ஸ்பி எஸ்டேட்டின் வருமானத்தை அனுபவித்தவர் ஆயுள் உரிமை மட்டும் உள்ள, ஊர்ப்பக்கம் வராத ஒரு பெண்மணி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகள்தான் இங்கிலாந்து முழுக்க நிலப்பிரபுக்கள் பாராளுமன்றச் சட்டம் போட்டுத் திறந்த வயல்களை வேலியடைத்துக்கொண்டிருந்த காலத்தின் நடுப்பகுதி. 1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. சுமார் 68 லட்சம் ஏக்கர், நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அப்படி வேலிக்குள் போனது. சிதறிக் கிடந்த பட்டைகளைத் திரட்டி, பொது மேய்ச்சலைப் பிரித்து, ஆளுக்கொரு துண்டாக வேலியடைத்தால் குத்தகை உயரும். ஆனால் அதற்குச் சட்டச் செலவு, அளவைச் செலவு, வேலிச் செலவு எல்லாம் முதலில் போட வேண்டும். தன் ஆயுளோடு முடியும் வருமானம் உள்ளவர் இருபதாண்டு கழித்துப் பலன் தரும் முதலீட்டில் பணம் போடுவாரா? ஒரே காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

எலிசபெத்துக்குப் பின் சொத்து டியூக்கின் சகோதரி மகன் சார்லஸ் மெடோஸுக்குப் போனது. அவர் பியர்பாண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1806-ல் மேன்வர்ஸ் ஏர்ல் ஆனார். இந்த ஏர்ல்கள் எஸ்டேட்டை ஒழுங்காகவே நடத்தினார்கள். ஆனாலும் லாக்ஸ்டன் முழுவதும் அவர்கள் கையில் இல்லை. ஊரில் வேறொரு பிரபுவுக்கும் நிலம் இருந்தது. சிறு உடைமையாளர்களும் இருந்தார்கள். பட்டைகள் பின்னிக் கிடந்ததால் ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொருவரால் அசைக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக சில பகுதிகளை அடைத்தார்கள், சில நிலங்களை மாற்றிக்கொண்டார்கள். முழு அடைப்பு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் எல்லாம் கூடிவரும் நேரத்தில், 1870களில், அமெரிக்கப் புல்வெளிக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கி விலை சரிந்தது. களிமண் நிலத்துக் குத்தகைதாரர்கள் பாக்கி வைத்தார்கள். வேலியடைக்கப் பணம் போட எந்த நிலப்பிரபுவுக்கும் அப்போது மனம் வரவில்லை.

லாக்ஸ்டனின் திறந்த வயல் தப்பியது யாரோ ஒருவரின் தொலைநோக்கால் அல்ல. பிரிந்து கிடந்த உடைமை, தள்ளிப்போட்ட முடிவு, தப்பிய தருணம் எல்லாம் சேர்ந்து காப்பாற்றின. பாரம்பரியத்தைப் போற்றிக் காத்தார்கள் என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது 1900-க்கு முந்தைய காலத்துக்கு அது பொருந்தாது. அதற்குப் பிந்தைய காலத்துக்குத்தான் பொருந்தும்.

பட்டைகள் குறைந்தன, மன்றம் நிலைத்தது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் எஸ்டேட் பட்டைகளைத் திரட்டிப் பெரிதாக்கியது. குதிரை ஏருக்கு அரை ஏக்கர் பட்டைகள் போதும். இயந்திரங்களுக்குப் போதாது. 2,000-க்கும் மேல் இருந்த பட்டைகள் காலப்போக்கில் 200-க்கும் கீழே வந்தன. திறந்த வயலின் பரப்பும் சுருங்கி இன்று ஏறக்குறைய 480 ஏக்கர்தான். தெற்கு வயல், மேற்கு வயல், மில் வயல். ஓராண்டு பனிக்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு நிலத்தை ஆறப்போடுவது. முன்பு அது வெறும் தரிசு. இப்போது மாட்டுத் தீவனப் பயிர் போடுகிறார்கள்.

உழ முடியாத பள்ளங்களும் ஓரங்களும் புல்லாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஊரில் சைக் என்று பெயர். அந்தப் புல்லை ஏலம் விட்டு உரிமையுள்ளவர்களுக்குப் பணம் பிரிக்கிறார்கள். நூற்றாண்டுகளாக ஏர் படாததால் வேறெங்கும் அரிதாகிவிட்ட காட்டுப்பூக்கள் அங்கே நிறைந்திருக்கின்றன. இன்று அவை சட்டப் பாதுகாப்பு பெற்ற இயற்கைப் பகுதி. முன்னோர்கள் பூவுக்காக அதை விடவில்லை, ஏர் போகாததால் விட்டார்கள். ஒரு சால் கூடுதலாக உழுதால் அபராதம் என்ற விதிதான் பூக்களையும் காத்தது. முளைக்குச்சியின் வேலை இவ்வளவு தூரம் போகும் என்று அதை அடித்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மன்றத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிரபுவின் சார்பில் ஒரு வழக்கறிஞர் தலைமை தாங்குவார். அவருக்கு ஸ்டீவர்ட் என்று பெயர். மன்றக் கட்டியக்காரர் கூடியிருப்போரை அழைத்து அறிவிப்பார். வர வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும். வராதவர்களுக்குச் சில்லறை அபராதம். நடுவர் குழுவின் முதல்வர் தங்கள் வயல் பார்வையின் அறிக்கையை வைப்பார். அடுத்த ஆண்டுக்கான புதிய நடுவர்கள் சத்தியம் செய்வார்கள். தவறி மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டியில் அடைக்கும் காவலரையும் நியமிப்பார்கள். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மன்றங்கள் முன்பு ஆயிரக்கணக்கில் இருந்தன. 1977-ல் நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் நீதி அதிகாரத்தை ஒரேயடியாக ரத்து செய்தபோது, லாக்ஸ்டன் மேனர் மன்றத்தைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. மற்ற இடங்களில் அப்படிக் கூடும் மன்றம் வெறும் சடங்கு. இங்கே விதிக்கும் அபராதம் சட்டப்படி செல்லும்.

மேலும், லாக்ஸ்டனில் குத்தகைப் பண்ணை வாங்குபவர் திறந்த வயலின் பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். மன்றம் சொல்வதைக் கேட்பேன் என்பது குத்தகை நிபந்தனைகளிலேயே அடங்கியிருக்கிறது. எனக்கு ஆறப்போடும் வருடம் வேண்டாம், இந்தப் பட்டையில் மட்டும் கோதுமை போட்டுக்கொள்கிறேன் என்று தனித்துப் போக முடியாது. பண்ணை வீடுகளும் வயல் நடுவே தனித்து நிற்பதில்லை. எல்லாம் ஊர்த் தெருவிலேயே, சுவரின் குறுகிய பக்கம் தெருவைப் பார்க்க, கொல்லைப்புறம் நீளமாகப் பின்னே ஓட நிற்கின்றன. எல்லோரும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். அபராதம் வாங்கியவர் மறுநாள் காலை அபராதம் விதித்தவரைத் தெருவில் பார்த்தே ஆக வேண்டும்.

அரசு நிலப்பிரபு ஆனபோது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும் எஸ்டேட்டுகளின் நிலை மோசம். இறப்பு வரி 1949 முதல் 80 விழுக்காடு வரை போனது. ஆறாவது மேன்வர்ஸ் ஏர்லுக்குப் பட்டத்துக்கு ஆண் வாரிசு இல்லை. லாக்ஸ்டன் துண்டு துண்டாக விற்கப்பட்டால் மூன்று வயல் முறை அன்றோடு முடிந்திருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் வேளாண் பொருளாதார ஆய்வு நிறுவனத்தை நடத்திய சார்ல்ஸ் ஓர்வினின் ஆய்வு 1938-லேயே இந்த ஊரின் அருமையை வெளியே கொண்டுவந்திருந்தது. 1635 வரைபடத்தையும் நிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வு அது. அதன் தாக்கமும் சேர்ந்து, ஏர்ல் 1952-ல் மேனரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். வயல்முறை காக்கப்பட வேண்டும் என்ற நோக்கத்துடனான விற்பனை. 1955-ல் ஏர்ல் இறந்தார், பட்டமும் அற்றுப்போனது.

அப்போது வேளாண் அமைச்சர் சர் தாமஸ் டக்டேல். இதே அமைச்சர்தான் 1954-ல் கிரிச்செல் டவுன் விவகாரத்தில் பதவி விலகினார். டோர்செட்டில் 1938-ல் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுத்த 725 ஏக்கரை, தேவை முடிந்தபின் பழைய உரிமையாளர் குடும்பத்துக்குத் திருப்பித் தராமல் அமைச்சகம் தன் விருப்பப்படி குத்தகைக்கு விட முயன்ற விவகாரம் அது. ஒரே அமைச்சகம், ஒரே ஆண்டுகள். டோர்செட்டில் அரசு மோசமான நிலப்பிரபு, நாட்டிங்ஹாம்ஷயரில் பொறுப்பான நிலப்பிரபு. அரசு நிலம் வைத்திருப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஊர், எந்த நிபந்தனை, கீழே எதிர்த்துப் பேசும் அமைப்பு ஒன்று இருந்ததா என்று கேட்க வேண்டும். லாக்ஸ்டனில் இருந்தது.

1981-ல் அமைச்சகம் தன்னிடமிருந்த லாக்ஸ்டனை, முடியாட்சிக்குரிய சொத்துகளை நிர்வகிக்கும் அரச எஸ்டேட் ஆணையர்களுக்கு மாற்றியது. உடைமைக் கதையில் இது சின்ன வரி. குத்தகைதாரர்களுக்கு அப்படியல்ல. அமைச்சகம் கொள்கைக்காக வைத்திருந்தது, ஆணையம் வருமானம் காட்ட வேண்டிய நிறுவனம். ஆனாலும் வயல்முறையைத் தொடர்வதாக ஏற்றுக்கொண்டே வாங்கினார்கள், தொடர்ந்தார்கள். பிறகு அரச எஸ்டேட் விற்க முடிவு செய்தது. ஊரில் கவலை பரவியது. 2020-ல் விற்பனை நடந்தது. வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பியர்பாண்ட் குடும்பத்தின் அறக்கட்டளை. 1952-ல் விட்டுப் போன நிலம் 68 ஆண்டு கழித்து அதே குடும்பத்துக்குத் திரும்பியது.

குத்தகையின் ஆயுள்

உடைமை எங்கே போனாலும் குத்தகைதாரரின் நிம்மதி சட்டத்தில்தான் இருக்கிறது. 1948-க்கு முன் ஆண்டுக் குத்தகை என்றால், அறிவிப்பு கொடுத்து வெளியேற்ற நிலப்பிரபுவுக்குப் பெரிய தடை இல்லை. அந்த ஆண்டின் வேளாண் உடைமைகள் சட்டம் நல்லபடி உழுபவருக்கு ஏறக்குறைய ஆயுள் பாதுகாப்பு கொடுத்தது. 1976-ல் இரண்டு தலைமுறைக்கு வாரிசுரிமையும் வந்தது. தாத்தா உழுத நிலத்தில் பேரன் வரைக்கும் குத்தகை தொடரலாம். 1984 ஜூலை 12 முதல் எழுதப்பட்ட குத்தகைகளுக்கு அந்த வாரிசுரிமை பொதுவாகக் கிடையாது. 1995-ல் வந்த சட்டம் இன்னும் தளர்த்தியது. இரு தரப்பும் பேசி ஐந்தாண்டோ பத்தாண்டோ எழுதிக்கொள்ளலாம், முடிந்தால் முடிந்தது.

எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. மூன்று வயல் சுழற்சியின் ஒரு வட்டம் முடிய மூன்று ஆண்டு. களிமண்ணின் குணம் பிடிபட அதைவிட எவ்வளவோ காலம். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த முளையை எந்த மரத்துக்கு நேராகப் பார்த்து அடிக்க வேண்டும் என்பது அப்பாவோடு நடந்து கற்பது. இத்தனை கைமாற்றங்களில் அந்த அறிவு அறுந்துபோகாததற்குக் காரணம், உரிமையாளர் மாறியபோதெல்லாம் குத்தகைக் குடும்பங்கள் மாறாமல் இருந்ததுதான். அவர்கள் நிரந்தரமாக இருக்க முடியாத சட்டத்தில், நிரந்தரமான மன்றத்தை மட்டும் வைத்து என்ன செய்வது? பன்னிரண்டு நடுவர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் பன்னிரண்டு பண்ணைக் குடும்பமாவது ஊரில் வாழ வேண்டும். சின்னப் பண்ணைகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் காலத்தில் அது எளிதல்ல. இப்போதைய உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வயல்களைக் காப்பீர்களா என்பதல்ல. காலியாகும் பண்ணைக்கு இளம் உழவர் குடும்பத்தை நீண்ட குத்தகையில் கொண்டுவருவீர்களா என்பதே.

கோதுமை வயலைப் பார்த்து முடிக்க நடுவர்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். மதியம் ஊர் விடுதியில் சாப்பாடு. சாப்பிட்டபின் அறிக்கையைப் பேசி எழுதுகிறார்கள். இந்தப் பட்டைக்காரர் பாதையோரம் அரை மீட்டர் உள்ளே வந்துவிட்டார், அந்தப் பட்டைக்காரர் வடிகாலைத் தூர் வாரவில்லை. அடுத்த நவம்பரில் கோதுமை இன்னொரு வயலுக்குப் போயிருக்கும், முளைகளும் அங்கேதான் இறங்கும். அதற்கடுத்த நவம்பரில் மூன்றாவது வயல்.